கிறிஸ்தவ இறையியலில் கருதலளவையின் எல்லை

கடவுள் உளர் என்பதை வேதநூலின் துணையின்றி, மனிதனின் பகுத்தறிவு ஒன்றையே கொண்டு நிறுவலாமோ என்னும் வினா கிறிஸ்தவ உலகில் நெடுங்காலமாக வழக்காடப்பட்டு வருவதாகும். நம்மவருட் பலர் இதனைக் கிறிஸ்தவர்க்கும் நாத்திகர்க்கும் இடையிலான வழக்கெனவே கருதுவர். உண்மையில் இவ்வழக்கின் கடுமையான பகுதி கிறிஸ்தவர்க்குள்ளேயே நிகழ்ந்தது. "முடியும்" என்பாரைத் திருச்சபையைக் கெடுப்போர் எனச் சாடிய கிறிஸ்தவப் பேரறிஞரும் உளர். "முடியாது" என்பாரை விலக்கிவைத்த திருச்சபையும் உண்டு. சைவப் பிள்ளைகள் பயிலும் கல்லூரியொன்றின் மலரில் இதனை ஆராய்வது எற்றுக்கெனின், இவ்வழக்கின் தீர்ப்பு நம்மையும் தொடுவது என்க. கிறிஸ்தவ வேதத்தைக் கைக்கொள்ளாத ஒருவன் கடவுளைப்பற்றி எதையேனும் அறிந்தவனாக இருத்தல் கூடுமோ என்பதே இவ்வினாவின் மறுபக்கம்.

முதலில் "அறிதல்" என்னுஞ் சொல்லைத் தெளிந்து கொள்ளல் வேண்டும். வேலிக்கு அப்பால் எழும் புகையைக் கண்டவன் அங்கே அடுப்பெரிகின்றது என்று அறிகின்றான். இது நம் அளவைநூலார் கருதல் என வழங்கும் அநுமானம். ஆயினும் அடுப்பை மூட்டியவள் எத்தன்மையள் என்பதைப் புகை காட்டாது. அவள் தன்மையைப் பிறர் வாயிலாகக் கேட்டறிந்தவனும் அவளோடு பேசிப் பழகியவன் ஆகான். ஒருவர் உளர் என்று அறிதல் ஒன்று. இத்தன்மையர் என்று அறிதல் மற்றொன்று. அவரையே அறிதல் இன்னுமொன்று. கிறிஸ்தவ அறிஞரிடையே எழுந்த பூசல்களிற் பெரும்பகுதி, ஒருவர் முதலாவதைப்பற்றிப் பேச மற்றவர் மூன்றாவதைப்பற்றி விடையிறுத்தமையால் விளைந்ததே.

புதிய ஏற்பாட்டிலேயே இருவேறு குரல்கள் கேட்கின்றன, இரண்டும் ஒருவருடையனவே. புனித பவுல் உரோமருக்கு எழுதிய திருமுகத்தின் முதலதிகாரத்தில், காணப்படாத கடவுளின் வல்லமையும் தெய்வத்தன்மையும் படைக்கப்பட்ட பொருள்களின் வாயிலாக விளங்கிக் கிடக்கின்றன, ஆதலின் அவரை வழிபடாதோர் சாக்குப்போக்குக் கூற இயலாது என்னுங் கருத்தை வைக்கின்றார். கொரிந்தியருக்கு எழுதிய முதற் றிருமுகத்திலோ, உலகம் தன் ஞானத்தினாற் கடவுளை அறிந்ததில்லை என்றும், சிலுவையைப்பற்றிய செய்தி கிரேக்கருக்குப் பேதைமையாகத் தோன்றும் என்றும் கூறுகின்றார். பிற்காலத்துக் கட்சிகள் இரண்டும் தத்தம் மேற்கோளை இவரிடமே பெற்றன. ஆனால் உரோமர் திருமுகத்தின் அவ்விடம் எதன்பொருட்டு எழுதப்பட்டது என்பதைப் பலர் நோக்குவதில்லை. பவுல் அங்கே மெய்யியற் பாடம் நடத்த வந்தவரல்லர், வழக்குரைக்க வந்தவர். அறியாதவனைக் குற்றஞ் சாட்டுதல் நீதியன்று. ஆகவே கூண்டில் நிற்பவனுக்கு அறிவு இருந்தது என்று காட்டும் கடப்பாடு அவருக்கு உண்டாயிற்று. இயற்கையறிவு கிறிஸ்தவத்துட் புகுந்தபோது, இறைவனிடம் ஏறிச்செல்லும் ஏணி என்னும் பெயரோடு புகவில்லை. மனிதனைப் பொறுப்பாளியாக்கும் சான்று என்னும் பெயரோடே புகுந்தது. இந்நுண்மையை மறந்தமையாற் பின்வந்தோர் பலர் இடர்ப்பட்டனர்.

அன்செல்ம் என்னும் துறவி 1077, 1078 ஆம் ஆண்டுகளை ஒட்டி இயற்றிய 'புரோஸ்லோகியன்' என்னும் சிறுநூல் தனித் தருக்கத்தின் உச்சமென்று பாராட்டப்படுவதுண்டு. தன்னினும் பெரிதொன்றை நினைத்தற்கு இடமில்லாத பொருளே கடவுள். அப்பொருள் நினைவில் மாத்திரம் இருந்து உலகில் இல்லையாயின், உலகிலும் இருக்கும் ஒன்று அதனினும் பெரிதாகிவிடும். ஆதலின் அது மெய்யாகவே இருத்தல் வேண்டும் என்பது அவர் வாதம். அவர் காலத்தவரான கௌனிலோ என்னும் துறவியே, இம்முறையால் எல்லாவற்றினுஞ் சிறந்த தீவொன்று கடலில் உண்டென்றும் நிறுவலாமே என்று மடக்கினார். வாதத்தின் வன்மை மென்மை ஒருபுறம் நிற்க, அந்நூல் தொடக்கம் முதல் ஈறு வரை கடவுளை முன்னிலைப்படுத்திச் செய்யப்பட்ட மன்றாட்டு என்பது நோக்கற்பாலது. இருப்பவரோடு பேசிக்கொண்டே அவர் இருக்கின்றாரா என்று வினவுபவரை "பகுத்தறிவு ஒன்றையே கொண்டவர்" எனல் எங்ஙனம் பொருந்தும்?

இவ்வழக்கில் உண்மையான நடுவுநிலை நின்றவர் தோமஸ் அக்குவினாஸ் (1225–1274). அவருடைய 'இறையியற் றொகுப்பு' என்னும் பெருநூலின் ஐந்து வழிகளை அறியாதார் அரியர்: இயக்கத்திலிருந்து முதலியக்குநருக்கும், காரியத்திலிருந்து முதற்காரணருக்கும், நிலையாப் பொருளிலிருந்து நிலைபேறுடையவருக்கும், நன்மை முதலியவற்றின் ஏற்றத்தாழ்விலிருந்து முழுநிறைவுடையவருக்கும், அறிவில் பொருள்களின் ஒழுங்கிலிருந்து அவற்றை நெறிப்படுத்தும் அறிவுடையவருக்கும் செல்லும் வழிகள் அவை. இவ்வைந்துக்கும் முன்னரே அன்செல்மின் வாதத்தை அவர் ஒதுக்கிவிடுகின்றார். கடவுளின் இயல்பு நமக்குத் தெரியாதாகலின் அவர் பெயரின் பொருளிலிருந்து அவர் இருப்பைப் பெறல் நமக்கு இயலாது, காரியங்களிலிருந்தே தொடங்கல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

இவரைப் படியாதே மறுப்போர் வழக்கமாகச் செய்யும் பிழையொன்று உண்டு. காரணங்களின் வரிசை பின்னோக்கி முடிவின்றிச் செல்லாது என்று அவர் கூறுவதை, உலகுக்குக் காலத்தில் ஒரு தொடக்கம் இருந்தது என்று கூறியதாக எண்ணுகின்றனர். அவரோ உலகுக்குத் தொடக்கம் உண்டென்பதைத் தருக்கத்தால் நிறுவல் இயலாது, அது விசுவாசத்தாற் கொள்ளப்படுவது என்று அதே நூலில் வெளிப்படையாகக் கூறியவர். அவர் கருத்தை யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறொன்றைக் கொண்டு விளக்கலாம். முன்னாளிற் றுலா மிதித்து நீரிறைத்த காலத்தில், நீரைப் பட்டை தாங்கிற்று. பட்டையைத் துலாக்கொடி தாங்கிற்று. கொடியைத் துலா தூக்கிற்று. துலாவை அதன்மேல் நடந்தவன் தாழ்த்தி உயர்த்தினான். அவன் நின்றால் அக்கணமே யாவும் நிற்கும். துலாக்களையும் கொடிகளையும் ஆயிரமாகப் பெருக்கினும் நடப்பவன் இல்லையேல் ஒரு துளி நீரும் மேலெழாது. இது பாட்டன், தந்தை, மகன் என்னும் வரிசை போன்றதன்று. பாட்டன் இறந்த பின்னும் பேரன் பிள்ளை பெறுகின்றான். அக்குவினாஸ் கூறும் முதற்காரணர் பாட்டன்மார் வரிசையின் தொலைவான முனையில் நிற்பவரல்லர். இக்கணத்தில் யாவற்றையும் தாங்கி நிற்பவர்.

வாதம் இத்துணை வன்மையுடையதாயினும் அதன் எல்லையை ஆசிரியரே குறித்துள்ளார். ஐந்து வழிகளை முடித்த உடனேயே, கடவுள் எத்தகையர் என்பதை நாம் அறிய இயலாது, எத்தகையர் அல்லர் என்பதையே ஆராயலாம் என்று அடுத்த பகுதியைத் தொடங்குகின்றார். திரித்துவத்தைத் தருக்கத்தால் நிறுவப் புகுவோர் விசுவாசத்துக்கு இழுக்குத் தேடுகின்றனர் என்றும், வலுவற்ற சான்றைக் காட்டி அயலாரின் நகைப்புக்கு ஆளாகின்றனர் என்றும் எச்சரிக்கின்றார். இன்னும் ஒருபடி சென்று, பகுத்தறிவால் எட்டக்கூடிய உண்மைகளையும் கடவுள் வெளிப்படுத்த வேண்டியிருந்தது ஏனெனின், அன்றேல் அவற்றைச் சிலரே, நெடுங்காலம் கழித்தே, பல பிழைகள் கலந்த நிலையிலேயே பெற்றிருப்பர் என்கின்றார். சொந்தக் கருவியின் குறையை இத்துணை நேர்மையோடு எழுதிவைத்த தருக்கவாதியர் எம்மதத்திலும் மிகச் சிலரே.

அங்ஙனமாயின் அக்கருவியை ஏன் கையிலெடுத்தார்? விடை 'புறச்சமயத்தார்க்கு எதிரான தொகுப்பு' என வழங்கும் அவருடைய மற்றொரு நூலின் தொடக்கத்திற் கிடைக்கின்றது. யூதரோடு வாதிடுமிடத்துப் பழைய ஏற்பாட்டையும், கிறிஸ்தவருட் பிழைபட்டாரோடு வாதிடுமிடத்துப் புதிய ஏற்பாட்டையும் சான்றாகக் கொள்ளலாம்; இவ்விரண்டையும் ஏற்காத இஸ்லாமியரோடும் புறச்சமயத்தாரோடும் எதனைச் சான்றாகக் கொள்வது? எல்லோரும் ஒப்பியே தீரவேண்டிய இயற்கையறிவிடமே செல்லல் வேண்டும். ஆயினும் தெய்வப் பொருளில் அது குறையுடையது என்கின்றார். இவ்விடத்தையே நான் அவருடைய இறையியலின் உயிர்நிலை என மதிக்கின்றேன். பகுத்தறிவு ஈண்டு வீடுபேற்றுக்கு வழியாகக் கூறப்படவில்லை. ஒருவர் வேதத்தை மற்றவர் ஒப்பாத இருவர் ஒருங்கு அமர்ந்து வழக்காடுதற்குரிய பொதுமன்றமாகக் கூறப்படுகின்றது. அம்மன்றத்தில் அவர் தாமே கற்றவர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. இயக்கவாதம் கிரேக்கரான அரிஸ்தோத்திலிடமிருந்து வந்தது; நிலையாப் பொருள்பற்றிய ஆராய்ச்சியில் இஸ்லாமியரான இபின் சீனாவும் யூதரான மைமோனிடீசும் அவருக்கு முன்னோடிகள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இம்மன்றமே ஆட்டங்கண்டது. ஹியூம் இறந்தபின் 1779 இல் வெளிவந்த 'இயற்கைச் சமயம்பற்றிய உரையாடல்கள்', உலகின் ஒழுங்கிலிருந்து ஒரு கடவுளைப் பெறுவார் பல கடவுளரையோ, கற்றுக்குட்டியான ஒரு சிற்பியையோ பெறாமைக்குக் காரணம் யாதென வினவிற்று. கான்ற் 1781 இல் வெளியிட்ட 'தூய அறிவின் திறனாய்வு', காரணகாரியத் தொடர்பு அனுபவ எல்லைக்குள் மாத்திரமே செல்லும் என்றும், அதனைக் கொண்டு அனுபவத்துக்கு அப்பாலுள்ளதைப் பற்றுதல் இயலாதென்றும் வாதித்தது. ஆயினும் கான்ற் கடவுளை மறுத்தவரல்லர். ஒழுக்கத்தின் தேவைபற்றி அவரை ஏற்றுக்கொண்டவர். இவர்களுக்கு விடையிறுக்கும் முயற்சி இன்றும் நடைபெறுகின்றது; அதனை விரிப்பின் பெருகும்.

விடையிறுத்தோருள் உரோமைத் திருச்சபை கைக்கொண்ட முறை வியப்புக்குரியது. 1870 ஏப்பிரல் 24 ஆம் நாள் முதலாம் வத்திக்கான் பொதுச்சங்கம், படைத்தவரான ஒரே மெய்க்கடவுளைப் படைப்புக்களின் வாயிலாக மனித அறிவின் இயற்கையொளியால் உறுதியாக அறியலாம் என்று விதித்து, மறுப்போரைச் சபைக்குப் புறம்பானவர் என அறிவித்தது. விசுவாசம் வேண்டா என்ற பகுத்தறிவுவாதியரும் இவ்விதிகளாற் கண்டிக்கப்பட்டனர். பகுத்தறிவு எதற்கும் உதவாது என்ற பக்திவாதியரும் கண்டிக்கப்பட்டனர். அதற்கு முன்னரே, 1840 இல், ஸ்ரசுபேர்க் நகரில் மெய்யியல் கற்பித்த போத்தேன் என்னும் குருவானவர் பகுத்தறிவுக்குக் கடவுளின் இருப்பை நிறுவும் ஆற்றலுண்டு என்று கையொப்பமிட நேர்ந்தது. பகுத்தறிவின் உரிமையைக் காத்தவர் குருபீடத்தார், அதனை மறுத்தவர் பக்தர் என்பது காலத்தின் விளையாட்டுப் போலும்.

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பகுத்தறிவு தானே கடவுளை அறியவல்லது என்பதை அறிவித்தது யார்? பகுத்தறிவன்று, திருச்சபையின் அதிகாரம். தருக்கத்தின் தகுதி விசுவாசப் பிரமாணமாக நிறுவப்பட்டது. இம்மருந்து இந்நோயைத் தீர்க்கும் என்று அரசாணை பிறப்பித்தல் நோயைத் தீர்த்ததாகாது. தீர்த்துக் காட்டலே சான்று. ஆயினும் சங்கத்தாரின் சொல்லாட்சியை நுணுகி நோக்கின் அவர்கள் எச்சரிக்கையோடே பேசினர் என்பது தெரியும். "அறியலாம்" என்றனரேயன்றி இன்னார் அறிந்தார் என்றோ, இன்ன வாதமே செல்லும் என்றோ கூறினாரல்லர். "நிறுவலாம்" என்னுஞ் சொல்லை 1910 இல் பத்தாம் பத்திநாதர் விதித்த உறுதிமொழியே வெளிப்படையாகச் சேர்த்தது; அவ்வுறுதிமொழி 1967 இற் கைவிடப்பட்டது.

எதிர்க்கட்சியின் பெருங்குரல் புரட்டஸ்தாந்தரிடமிருந்து எழுந்தது. சுவிற்சர்லாந்தரான கார்ல் பார்த் ஜேர்மனியிற் கற்பித்துக்கொண்டிருந்த காலம் அது. 1933 இல் ஹிற்லர் ஆட்சியைக் கைப்பற்றியபோது, "ஜேர்மானியக் கிறிஸ்தவர்" எனத் தம்மை அழைத்துக்கொண்ட கூட்டத்தார் இனத்திலும் குருதியிலும் வரலாற்றிலும் கடவுளின் குரலைக் கேட்டதாகக் கூறினர். 1934 மே மாதத்திற் பார்மன் நகரிற் கூடிய சபையார், பார்த் பெரும்பான்மையும் வரைந்த அறிக்கையொன்றின் மூலம், வேதம் சான்றுபகரும் இயேசு கிறிஸ்துவை அன்றி வேறெந்த நிகழ்ச்சியையும் ஆற்றலையும் இறைவெளிப்பாடாகத் திருச்சபை ஏற்காது என்று அறிவித்தனர். அவ்வாண்டிலேயே அவருடைய நண்பர் எமில் புருன்னர், கடவுளின் சொல் வந்து பற்றுதற்கு மனிதனிடத்தே ஒரு பற்றுக்கோடு இருத்தல் வேண்டும், அஃதில்லையேற் கல்லுக்கும் மனிதனுக்கும் வேறுபாடு யாதென எழுதினார். பார்த் "இல்லை!" என்னும் ஒரு சொல்லையே தலைப்பாகவிட்டு விடை எழுதினார். நீரில் அமிழ்ந்தவனை ஒருவன் நீந்திக் கரைசேர்த்தால், காப்பாற்றப்பட்டவன் தன்பாலும் ஓர் ஆற்றல் இருந்ததென்று பெருமை பேசுவானோ என்பது அவர் காட்டிய உவமையின் கருத்து. 1935 இல் அவர் பொண் பல்கலைக்கழகப் பதவியை இழந்து பாசெல் நகர் திரும்பினார்.

இவ்வரலாற்றை அறிந்தார் பார்த்தின் கடுமையை மதியாதிருக்க இயலாது. எனினும் அவர் எய்த அம்பு இலக்குத் தவறியது என்பதே என் துணிபு. குருதியிலே கடவுளைக் கண்டவர் பகுத்தறிவின் வழியே சென்று கண்டவரல்லர். அதனைக் கைவிட்டுக் கண்டவர். ஐந்து வழிகளுள் எதுவும் ஓர் இனத்தின் தலைவனிடம் சென்று முடிவதில்லை. முதற்காரணர் எல்லா இனத்துக்கும் முதற்காரணரே. வெறியை அடக்குதற்குப் பார்த் பொதுமன்றத்தின் கதவையே அடைத்துவிட்டார்.

அடைத்ததன் விளைவை எடுத்துக்காட்டியவர் ஓர் இலங்கைத் தமிழர். மெதடிஸ்த திருச்சபையைச் சேர்ந்தவரும், 1948 இல் அம்ஸ்ரடாமிற் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றத்தின் தொடக்கக் கூட்டத்தில் உரையாற்றியவருமான டி. தி. நைல்ஸ் (1908–1970), தாம் 1935 இற் பார்த்தைச் சந்தித்ததைப்பற்றிப் பின்னாளில் எழுதியுள்ளார். ஏனைச் சமயங்கள் அவிசுவாசமே என்று பார்த் கூற, அவர் எத்தனை இந்துக்களைச் சந்தித்துள்ளார் என்று நைல்ஸ் வினவினார். ஒருவரையும் சந்தித்ததில்லை என்றார் பார்த். பின் இந்துசமயம் அவிசுவாசம் என்று அறிந்தது எங்ஙனம் என்ற வினாவுக்கு, 'அ பிரியோரி', அஃதாவது அனுபவத்தை எதிர்பாராது முன்னரே அறிந்தது, என்று விடை வந்தது. நைல்ஸ் தலையை அசைத்துப் புன்னகை செய்தாராம். அச்சொல் எவர்க்குரியது என்று எண்ணிப் பாருங்கள். அனுபவத்தை எதிர்பாராது அறிவு தானே பெறும் அறிவுக்கு மெய்யியலார் இட்ட பெயர் அது. கடவுளை அறியப் பகுத்தறிவுக்கு வலிமை இல்லை என்றவர், அயலானை அறிய மாத்திரம் அவ்வறிவின் சொல்லையே கடன்வாங்குகின்றார்! கருணை கூர்ந்து நோக்கின், வெளிப்பாட்டிலிருந்து பெற்ற முடிபு என்பதே அவர் கருத்து எனலாம். கிறிஸ்தவசமயமும் ஒரு சமயம் என்ற அளவில் அத்தீர்ப்புக்கு உட்பட்டதே என்று அவர் 1938 இல் எழுதியதும் உண்டு. ஆயினும் தீர்ப்புக் கூறப்பட்டவன் எழுந்து ஒரு மறுமொழி கூறுதற்கு அங்கே இடமில்லை.

நம்மவரிடத்தும் இவ்வழக்கு இல்லாமற் போகவில்லை. உதயனர் 'நியாயகுசுமாஞ்சலி'யில் அநுமானத்தால் ஈசுவரனை நிறுவினார். இராமாநுசர் 'ஸ்ரீபாஷ்ய'த்தில் அவ்வநுமானத்தை மறுத்துச் சாத்திரமே பிரமாணம் என்றார். சைவசித்தாந்தமோ இரண்டையும் வெவ்வேறிடத்திற் பயன்கொண்டது. சிவஞானபோதத்தின் முதற் சூத்திரம் உலகமாகிய காரியத்திலிருந்து அதனைச் செய்யும் முதல்வனைக் கருதலளவையாற் பெறுகின்றது. ஒன்பதாஞ் சூத்திரம் அம்முதல்வன் பாசஞானத்தாலும் பசுஞானத்தாலும் உணரப்படான், அவனருளாகிய ஞானத்தாலேயே நாடப்படுவான் என்கின்றது. "உளன்" என்பது தொடக்கத்திலும் "அவனை" என்பது நெடுந்தூரம் கழித்தும் வைக்கப்பட்டிருத்தல் தற்செயலன்று. அருணந்தி சிவாசாரியர் சித்தியாரிற் பரபக்கத்தைத் தனியே வைத்துப் பிறமதத்தாரோடு தருக்கித்த முறையும், அக்குவினாஸ் கூறிய பொதுமன்றமும் ஓரினத்தனவே. இருவர் கொண்ட முடிபுகள் வேறு; அயலானையும் அறிவுடையவனாக மதித்து அவனோடு வழக்காடும் பண்பு ஒன்று.

பகுத்தறிவு ஒன்றையே கொண்டு சென்றவன் எங்கே நிற்பான் என்பதற்கு அண்மைக்காலத்திற் கண்கூடான எடுத்துக்காட்டொன்று உண்டு. ஆங்கில மெய்யியலறிஞரான அன்ரனி ஃபிளூ, 1950 இல் ஒக்ஸ்போர்டில் வாசித்த கட்டுரை முதலாக அரைநூற்றாண்டு கடவுட்கொள்கையை மறுத்து எழுதியவர். 2004 இல் அவர், சான்று செல்லுமிடத்துக்குத் தாமும் செல்வதாகக் கூறி, உலகுக்கு அறிவுடைய முதற்காரணம் ஒன்று உண்டென ஒப்பினார். 2007 இல் அதனை நூலாகவும் வெளியிட்டார். கிறிஸ்தவருட் பலர் மகிழ்ந்தனர். மூப்பினால் மதி தளர்ந்தார் என்று பழைய நண்பர் சிலர் வருந்தினர். ஆனால் அவர் ஏற்றது அரிஸ்தோத்திலின் கடவுள் போன்ற ஒரு கடவுள். மன்றாட்டைக் கேட்பவரென்றோ, இறந்தபின் வாழ்வு தருபவரென்றோ அவர் கொள்ளவில்லை. 2010 இல் இறக்கும்வரை அவர் எத்திருச்சபையிலும் சேர்ந்தாரல்லர். அக்குவினாஸ் எல்லைக்கல் நட்ட அவ்விடத்தே, எழுநூறு ஆண்டுக்குப்பின், அவர் தம் காலாலேயே நடந்துவந்து நின்றார். அவரை அங்கே கண்டு உரையாடத்தக்கவர், தாமும் அவ்வழி நடந்துபார்த்த கிறிஸ்தவரே. அடைத்த கதவின் அப்பால் நிற்போர்க்கு அவர் வந்ததும் தெரியாது.